காம்பஸுக்குள் வந்த குமிழி

கொத்தனாரின் ரசமட்டத்துக்குள் குமிழி இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். காம்பஸுக்குள் குமிழி இருந்தால் அதை வைத்திருப்பவனுடைய வேலை ஆட்டங்காண்கிறது என்று அர்த்தம். இந்த வித்தியாசம் எனக்கு யுத்த காலத்தில், சின்னமனூரில், ஒரு விஜயதசமி காலையில் புரிந்தது.

அப்போது மேகமலைப் பக்கம் ஏலக்காய் போடுவதற்காக ஒரு புது எஸ்டேட் காட்டை வெட்டத் தொடங்கியிருந்தது. எல்லைக்கோடு பிடிக்கும் ஆளாக என்னைச் சேர்த்திருந்தார்கள். மூன்று மாதம் பார்ப்பது, பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று பேச்சு. இரண்டரை மாதம் முடிந்திருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த வேலை போனால் மனைவியை ஆண்டிபட்டியில் அவள் தாய்வீட்டில் விட்டுவிட்டு நான் மதுரைக்குப் போய் ஏதாவது மில் வாசலில் நிற்க வேண்டியதுதான். இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும்.

காம்பஸ் எஸ்டேட் மானேஜருடைய சொந்தப் பொருள். மலையாளக் கரையிலிருந்து வந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். அதனாலேயே அவரிடம் எனக்கு இரட்டிப்புப் பயம். காம்பஸ் சீமையில் செய்தது, பட்டாளத்துக்காரர்கள் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஜாதி. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைச் சிமிழ், மேலே கண்ணாடி, உள்ளே தண்ணீர்போலத் தெளிந்த ஒரு திரவம், அதற்குள் டிகிரி போட்ட வட்டத்தட்டு. திரவத்துக்குள் இருப்பதால் தட்டு ஆடிக்கொண்டே இருக்காமல் சட்டென்று நிற்கும். “யுத்தம் தீர்றவரைக்கும் இதுபோல இன்னொண்ணு கிடைக்காது. பார்த்துக்கோ” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டேன், அதுதான் வம்பாகிவிட்டது.

சரஸ்வதி பூஜைக்கு மலையிலிருந்து இறங்கிச் சின்னமனூர் வீட்டுக்கு வந்தேன். பலகையில் வெள்ளைத் துணி விரித்து, அரிவாள்மனை, என் அளவுச் சங்கிலி, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கினோம். நமக்குச் சோறு போடுகிற சாமான் என்று காம்பஸை எல்லாவற்றுக்கும் முன்னால், குத்துவிளக்கை ஒட்டி வைத்தேன். கண்ணாடியின் நடுவில் அழகாக ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன்.

மனைவிதான் முதலில் பார்த்தாள். “வெளக்குக்கு ரொம்பக் கிட்டக்க இருக்குங்க. சூடு தாக்கும்ல? கொஞ்சம் தள்ளி வைங்க.”

அதற்குள் கற்பூரம் காட்டியாகிவிட்டது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. அந்த ஒரு நாள் புத்தகத்தைக்கூடப் பிரிக்கமாட்டோம். “வச்சது வச்சதுதான். சாமி முன்னாடி இருக்கிறத நகட்டுவாகளா?” என்று அவள் வாயை அடைத்தேன். விளக்கை நகர்த்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. அவள் எண்ணெய் விட்டாள், விளக்கு அணையாமல் எரிந்தது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து காம்பஸைக் கையில் எடுத்தேன். காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தபோது அதன் அடியில் பயறு அளவில் ஒரு குமிழி நின்றது. கண்ணாடிமேல் ஒட்டிய தண்ணீர் என்று நினைத்து மறுபடி துடைத்தேன். சாய்த்தால் இந்த ஓரம் ஓடியது, அந்தப் பக்கம் சாய்த்தால் அந்த ஓரம் ஓடியது. பலகைத் துணியில் காம்பஸ் இருந்த இடத்தில் வட்டமாக ஈரக்கறை, மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. விளக்குச் சூட்டில் திரவம் விரிந்து, எங்கோ மூட்டு வழியாகக் கசிந்திருக்கிறது. ஆறியதும் குறைந்த இடத்தில் காற்று குடியேறிவிட்டது.

உடனே நான் செய்த காரியம் மனைவியைத் திட்டியதுதான். “இம்புட்டு எண்ணெய ஊத்தச் சொன்னது யாரு? போச்சு, என் வேலை போச்சு! நீ மூட்டையக் கட்டி ஆண்டிபட்டிக்குக் கெளம்பு!” என்று கத்தினேன். “நான் நேத்தே சொன்னேன்ல” என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. சாப்பிடாமல் மலைக்கு நடந்தேன்.

அங்கே காத்திருந்தது கடைசிக் கோடு. ஓடைக்கரையில் ஒரு எல்லைக்கல், மலைமேட்டில் ஒரு எல்லைக்கல், நடுவே ஒரு மைல் அடர்ந்த காடு. ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாது. வரைபடத்தில் உள்ள டிகிரியைக் காம்பஸில் பிடித்து, நேராகப் புதரை வெட்டிக்கொண்டே போனால் மேட்டுக்கல்லில் போய் முட்ட வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் மைல் முடிவில் முப்பது கெஜம் தள்ளிப்போவோம். அப்படித் தள்ளிப்போய் சர்க்கார் காட்டு மரத்தில் கைவைத்துவிட்டால் எஸ்டேட்டுக்கே தலைவலி, எனக்கோ சீட்டுக் கிழியும்.

மலைக்குளிரில் காலையில் காம்பஸைத் திறந்தால் பயறு புளியங்கொட்டையாக வளர்ந்திருந்தது. தட்டின் விளிம்பு அதில் உரசினால் தயங்கி நின்றது. எனக்கு அழுகை வராத குறை. வெயில் ஏறியதும் அது மறுபடி பயறாகச் சுருங்கியது. அதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. அதிலிருந்து காலை வேளையில் காம்பஸைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துச் சூடேற்றினேன். பிறகு மெல்லச் சாய்த்துக் குமிழியை ஓரத்துக்கு ஓட்டி, அது நடுவுக்கு வந்துவிடாமல் மட்டமாகப் பிடித்து, தட்டு நிற்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அதோடு விடவில்லை. கோட்டில் அடுத்த அடையாளக் கம்பு நட்ட இடத்துக்குப் போய், அங்கிருந்து பழைய கம்பைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டுக்கும் சரியாக நூற்றெண்பது டிகிரி வித்தியாசம் இருந்தால் மேலே நடை, இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

வேலை ஆமை நடை நடந்தது. புதர் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி கோம்பை ஊர்க்காரர், ஒரு நிமிஷம் வாய் சும்மா இருக்காது. அரிவாள் இரும்பு காம்பஸை இழுக்கும் என்று அவர்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன். அங்கிருந்தே குரல் கொடுப்பார்: “எம்புட்டு நேரந்தான் அதையவே மொறைச்சுப் பாப்பீக? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளகூட இப்படிப் பாத்ததில்ல!” ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். இரண்டாம் நாள் மானேஜர் வந்து ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். மஞ்சு இறங்கி எதிரில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி, காம்பஸைச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் சங்கிலிக் கணக்குப்படி மைல் முடிந்தது. கல்லைக் காணோம். முன்னால் இடுப்புயரம் பெரணிச் செடி, உண்ணிப் புதர், அதன்மேல் மஞ்சு. முப்பது கெஜம் தள்ளிவிட்டதா, அறுபதா, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மதுரை மில் வாசல் கண்முன்னால் வந்தது. இடப்பக்கம் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லும்போது எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அவர் நாலு வெட்டு வெட்டினார். ஐந்தாவது வெட்டு ‘ணங்’ என்றது.

“எந்தப் பயடா இங்கன கல்லப் போட்டவன்! அருவா வாயி போச்சேடா!” என்று மேஸ்திரி கத்தினார். கல்லைப் போட்டவனின் தாய், பாட்டி ஒருவரையும் விடவில்லை. ஜன்மத்தில் அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை. விழுந்தடித்து ஓடிப் பாசியைச் சுரண்டினேன். எல்லைக்கல்லேதான், கோட்டிலிருந்து நாலே எட்டு வைக்கும் தூரத்தில். அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி பதறிப்போய், “அட்டை கடிச்சிருச்சா?” என்றார். நான் பைத்தியக்காரன்போலச் சிரித்தேன்.

பயம் போனதும் பொய்யும் பாரமாகிவிட்டது. மறுநாள் மானேஜரிடம் காம்பஸை நீட்டி, விளக்கு, பூஜை, குமிழி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திரும்பிப் பார்த்து எழுதிய கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில், “சாரமில்ல, பரவாயில்ல. குமிழியோடயே நாலு எட்டுதான் பிசகுன்னா, மூணு மாசம் முடியறவரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இன்னிக்கே நிரந்தரம்” என்றார். பிறகு காம்பஸை என்னிடமே கொடுத்துவிட்டு, “மஞ்சு இறங்குச்சுன்னு இனிமே சொல்லாதே” என்றார். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

சின்னமனூருக்கு இறங்கி வந்தது நடையா ஓட்டமா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும், “கோடு முட்டிருச்சு! வேலை நெரந்தரம்!” என்று கத்தினேன்.

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன். அடுப்படியில் ஒரு சட்டியைத் தவிர ஏனம், பாத்திரம் எதுவும் இல்லை. மூலையில் ஒரு பெரிய சாக்குமூட்டை, வாயைக் கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்து நின்றது. பக்கத்தில் அவளுடைய தகரப்பெட்டி.

“இது என்ன?” என்றேன்.

“நீங்கதான கட்டச் சொன்னீக.”

ஒரு நிமிஷக் கோபத்தில் நான் கத்திவிட்டுப் போன வார்த்தை. மலையேறும்போதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் அதைத் தையல் தையலாகத் தைத்து, பக்கத்திலேயே ஐந்து நாள் உட்கார்ந்திருக்கிறாள். மானேஜரிடம் சொன்னதைவிட இவளிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது.

“தப்பு உன்னுது இல்ல, புள்ள. நீ அப்பவே சொன்ன. நாந்தான் கேக்கல.”

“அது எனக்குத் தெரியும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க எப்பச் சொல்லுவீகன்னுதான் தெரியாம இருந்துச்சு. மொதல்ல தையலப் பிரிங்க. ஒலப்பானை அதுக்குள்ளதான் இருக்கு, பசிக்குது.”