ஒரே பலகையின் இரண்டு முனைகள்

மாநிலம் பிரித்து, எல்லையிலிருக்கும் எங்கள் கோபாலபுரத்தில் செக்போஸ்ட் போட்டதிலிருந்து, மளிகைக் கடைக்காரருக்கு லாரிக்காரர்களால் நல்ல வியாபாரம். கடையில் சாமான் அடுக்கும் தட்டுக்கு என்னிடம் பலகை வாங்கி அறுத்துப்போக இன்று என் பட்டறைக்கு வந்தார்.

பென்சில் கோட்டின் மேல் கத்தியால் அழுத்திக் கீறினேன். அடியில் ஒரு கழிவுப் பலகையையும் சேர்த்து இறுக்கினேன்.

"ஏனுங்க ஆசாரி, அறுக்கறதுக்கு இத்தனை சடங்கா?"

"கீறாம அறுத்தா நார் பிஞ்சுக்குமுங்க" என்று சொல்லி, ஒரு முனையை அறுத்து முடித்தேன்.

"அதெல்லாம் சும்மா. ரம்பத்தை இங்க குடுங்க."

மறுமுனையைக் கீறாமல் அவரே அறுத்தார். ஓரமெல்லாம் சிராய்.

"மரம் சரியில்லைங்க. வேற பலகை போடுங்க."

"முடியாதுங்க. நா அறுத்த முனையும் இதே மரந்தானுங்க."

கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

பலகையைப் பட்டறை வாசலில் மாட்டிவிட்டேன். யார் வேண்டுமானாலும் இரண்டு முனையையும் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் முனையில் கை கிழிந்தால் மரத்தைத் திட்டாதீர்கள்.