பாயின் ஃபோனுக்கு வரும் ஆறு எண்

என் மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தக் காசில் வாங்கிய கம்ப்யூட்டரில் நான் இன்றுவரை விருந்தாளி. திறந்தால் ‘நல்வரவு, சிக்கந்தர்’ என்கிறது. சிக்கந்தர் பாய் மௌத்தாகி மூன்று வருஷம் ஆகிறது.

நேற்று தமிழில் தட்டச்சு செய்கிற மென்பொருளை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. முன்பெல்லாம் இதற்கு ஒரு சிடி போதும். தொண்டியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் பாய்தான் வருவார். மீன் மார்க்கெட் வழியாக வருகிற மனிதர், சிடியையும் கருவாட்டையும் ஒரே பையில் போட்டிருப்பார். உறையைப் பிரித்தால் நெத்திலி வாசம். அதன்மேல் பேனாவால் கிறுக்கியிருந்த நீள எண்ணைப் பார்த்துத் தட்டுவார், வேலை முடிந்தது. இப்போதும் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்றுதான் எனக்குப் பதறுகிறது.

பிறகு வந்த கம்ப்யூட்டர்கள் வேறு ஜாதி. ஆன்லைனில் கணக்குத் திறந்து, ஃபோன் எண் கொடுத்தால்தான் எதையும் ஏற்றவிடும். எனக்கு இமெயிலும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

“வாத்தியாரே, பொட்டி ஒங்கள யாருன்னு கேக்குது.”

“நீங்களே சொல்லிருங்க பாய்.”

“எனக்கே தெரியாதே! பேசாம எம் பேரையே போட்டுவிடுறேன்.”

எனக்கு மட்டுமா? பாதி ஊருக்கு அப்படித்தான் போட்டுவிட்டிருந்தார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம், பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டேன். அது அவரை வரவேற்றது. துண்டை எடுத்துத் திரையில் போர்த்தினேன். அன்றைக்கு இன்னும் எத்தனை வீட்டில் அவர் பெயர் எரிந்துகொண்டிருந்ததோ.

நேற்றும் கேட்டது. ஆறு எண்களை பாயின் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறதாம், அதைச் சொன்னால்தான் மேலே விடும். அந்த ஃபோனை அவர் மனைவி ஜெமிலா அக்கா ஒரு நாளும் சார்ஜ் இறங்கவிட்டதில்லை. கூப்பிட்டேன். என் ஃபோன் திரையில் பாயின் படம் சிரித்தது. குரல் மட்டும் அக்காவுடையது.

“வந்துருக்கு தம்பி, எழுதிக்கிறியளா?”

ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, “முன்னல்லாம் நாளைக்கு நாலு பேரு கூப்புடுவாக. ‘பாய், கோடு வந்துச்சா’ன்னு அவுகட்டயே கேக்குற மாதிரி கேப்பாக. ஸ்டுடியோக்காரரு, மெடிக்கல்காரரு எல்லாரும் இப்ப சொந்தமாக் கணக்கு தொறந்துட்டாகளாம்” என்றார்.

ஆறு எண்ணையும் பிசகாமல் காதில் வாங்கியவன், இதை வாங்கவில்லை. ஏதோ பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் சொன்னேன்:

“நானும் இந்த வாரமே தொறந்துக்கிறேன்க்கா. இனி ஒங்களுக்குத் தொந்தரவே இருக்காது.”

அக்கா வீட்டு வாசலில் மீன்காரர் கூவிக்கொண்டு போவது ஃபோனில் கேட்டது.

“அப்ப, ஃபோன அணைச்சிரவா?”