ஈ இல்லாத பாட்டில்

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பேர் கம்பெனி அட்டையில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. எங்களுக்கெல்லாம் அவன் கோட்டான். ஊமைக்கோட்டான் என்று முழுசாய்க் கூப்பிட யாருக்கு நேரம்? கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். கோபப்பட மாட்டான். கோபப்படாதவனைக் கேலி செய்வதில் என்ன ருசி இருக்கிறது? ஒரு மாசத்தில் கேலி போய், பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சோடாவும் கலரும் அடைக்கிற கம்பெனி எங்களுடையது. கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்களைக் கழுவி, நிரப்பி, மூடி போட்டு அனுப்புவோம். கழுவின பாட்டில்கள் வரிசையாக ஓடி வரும் இடத்தில் வெள்ளை விளக்கு எரியும் பலகை ஒன்று உண்டு. அதற்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, விரிசல் இருக்கிறதா, குப்பை இருக்கிறதா என்று ஒவ்வொரு பாட்டிலாகப் பார்ப்பது கோட்டானின் வேலை. அவனுக்கு மாற்றாள் நான். அரைமணிக்கு மேல் அங்கே உட்கார்ந்தால் பாட்டில் நிற்கிற மாதிரியும் நாம் ஓடுகிற மாதிரியும் ஆகிவிடும். எழுந்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலு பெட்டி தூக்கினால்தான் தரை காலுக்குக் கீழே வந்து சேரும். கோட்டான் கண்ணைக் கசக்கி நான் பார்த்ததில்லை.

திமிர் பிடித்தவன் என்று சிலர் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. பீடி கேட்டால் கொடுப்பான். ஷிப்டு மாற்றிக் கேட்டால் ஏன் என்றுகூடக் கேட்காமல் மாற்றிக்கொள்வான். பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற இடத்தில் மட்டும், வெளியூர்க்காரன் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்பான்.

அவனுக்குப் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். "யாரு சாயல்டா?" என்று கேட்டேன். எந்தத் தகப்பனும் இதற்கு ஒரு பதிலை மடியில் முடிந்து வைத்திருப்பான். இவன் குழந்தையைக் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு யாரு மாதிரியும் இல்லண்ணே" என்றான். கட்டிலில் கிடந்த அவன் பெண்டாட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பொய் சொல்லாதவன் என்று தூர நின்று புகழலாம். கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும்.

அந்த வேலையே அவள் தம்பி வாங்கிக் கொடுத்தது. தம்பி எங்கள் கம்பெனியில் மூடி போடுகிற மெஷினில் நிற்பவன். வாயால் வடை சுட்டே பிழைக்கிறவன். சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்து அக்கா புருஷனை உள்ளே நுழைத்தான். கோட்டான் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு சம்பளத்தில்தான். அது நின்றால் வாடகை அறை போகும், அறை போனால் குடும்பம் போகும். இது அவள் அடிக்கடி சொல்வது. அவனும் இல்லையென்று சொன்னதில்லை.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து வேலை தொடங்கின கையோடு, லைன் நின்றது. பாட்டில் சத்தம் நின்றதும் காதுக்குள் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. கோட்டானின் விரல் சிவப்புப் பொத்தான்மேல் இருந்தது. நிறுத்தக் கூடாது என்றில்லை. விரிசல் கண்டால், குப்பை கண்டால் நிறுத்தலாம். நிறுத்தினவன் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். லைன் நின்றால் கழுவுகிற மெஷினுக்குள் கிடப்பதையெல்லாம் மறுபடி கழுவ வேண்டும். அழுக்கெடுக்கிற காரத்தண்ணீர் பாழ்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னய்யா? என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாமலா நிறுத்தினே?"

"ஆமா சார்."

"வெயில் மண்டைல ஏறிடுச்சா? இல்ல, வீட்டுல சண்டையா?"

"அதெல்லாம் இல்ல சார்."

பெட்டி அடுக்குகிறவன் ஒருத்தன், "சார், கோட்டானுக்குப் பகல்ல கண்ணு தெரியாது" என்றான். எல்லோரும் சிரித்தோம். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. மேனேஜருக்கு ஆள் அனுப்பினார்.

அந்த இடைவெளியில் மச்சினன் மூளையைக் காட்டினான். ஜன்னலோரம் செத்துக் கிடந்த ஈ ஒன்றைப் பொறுக்கி, லைனில் நின்ற ஒரு பாட்டிலுக்குள் போட்டான். வாசலைப் பார்த்து நின்ற சூப்பர்வைசரும் கோட்டானும் கவனிக்கவில்லை. எங்களில் நாலைந்து பேர் பார்த்தோம். நல்ல காரியம்தானே என்று வாயை மூடிக்கொண்டோம். மேனேஜர் வந்ததும் அவன் பாட்டிலைத் தூக்கி விளக்கில் காட்டினான்.

"இதப் பாத்துட்டுத்தான் சார் மாமா நிறுத்தியிருக்காரு. பயத்துல வாய் வரல அவருக்கு."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "நல்ல கண்ணுய்யா உனக்கு" என்று கோட்டானின் தோளைத் தட்டினார். அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவுவரைக்கும் போனவர் திரும்பினார். "ஆமா, கழுவி வந்த பாட்டில்ல ஈ எப்படி வந்துச்சு?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கழுவுகிற மெஷினில் நின்ற பெரியவர் வேலை நேரத்தில் தூங்கி ஏற்கெனவே இரண்டு தரம் மாட்டினவர். இன்னொரு தரம் மாட்டினால் சீட்டுக் கிழியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஈயைப் போடும்போது ஒரு பயலுக்கும் அது ஞாபகம் வரவில்லை. அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். காரத்தண்ணீரில் வெந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சத்தியமா நான் தூங்கல சார்" என்றார்.

மேனேஜர் கோட்டானைப் பார்த்தார். "நீ சொல்லு. ஈயப் பாத்துத்தானே நிறுத்தினே?"

மச்சினன் கண்ணால் கெஞ்சினான். ஆமாம் என்றால் பெரியவர் வேலை போகும். இல்லை என்றால் இவன் வேலை போகும்.

"இல்ல சார். நான் பாத்த பாட்டில்ல ஈ இல்ல."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாது சார்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "இங்க பாரு. மயக்கமா வந்துச்சா? கண்ணு இருட்டிச்சா? ஏதாவது ஒண்ணு சொல்லு, விட்டுடறேன்."

"நல்லாத்தான் இருந்தேன் சார். பாட்டில் வந்துக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தலாம்னு இருந்துச்சு. நிறுத்தினேன்."

லைன் நின்ற பிறகு விழுந்த ஈயாக இருக்கும் என்று பெரியவரை விட்டுவிட்டு, கோட்டானை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். திருடினவனுக்குக்கூட மேனேஜர் இரக்கப்பட்டதுண்டு, திருட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இதை எந்தப் பையில் போட்டுக் கட்டுவது?

கேட்டுக்கு வெளியே பெரியவர் மூச்சிரைக்க வந்து அவன் கையைப் பிடித்தார். "எனக்காக உன் வயித்துல மண்ணப் போட்டுக்கிட்டியே தம்பி."

"உங்களுக்காக இல்லண்ணே. ஈ இல்ல. அதான் சொன்னேன்."

பெரியவர் கையை விட்டுவிட்டார். "என்னை நெனச்சுக்கூடப் பாக்கலையாடா நீ?" என்றார். அவர் தரையில் துப்பிவிட்டு உள்ளே போனார். பிழைத்துப் போனவர் அவர். கம்பெனியில் அவனைப் பற்றி அதிகம் கரித்துக்கொட்டினதும் அவர்தான்.

வேறு இடம் கிடைக்கவில்லை. எந்தக் கம்பெனிக்காரனும் போன் போட்டு விசாரிப்பான். விசாரித்தால், "சும்மா லைனை நிறுத்தினவன்" என்பார்கள். குடிகாரனுக்கு வேலை உண்டு, இவனுக்கு இல்லை. மூட்டை இறக்கப் போனான். அந்தக் கூலி வாடகைக்குப் பத்தவில்லை. மச்சினன் பெண்டாட்டி திட்டமாகச் சொல்லியனுப்பினாள்: நாத்தனார் வரட்டும், பிள்ளை வரட்டும், அந்த ஆள் வேண்டாம்.

மச்சினன் வீடு பக்கத்து ஊரில். அவர்கள் கிளம்பின அன்று பெட்டியைத் தூக்க நானும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெண்ணை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கீழே நின்றான். அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாங்க போகக் கூடாதுன்னு உங்களுக்கு இருக்கா? இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இறங்கிடறேன். பட்டினின்னாலும் கூடக் கெடக்கறேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லித் தொலையேண்டா" என்று முதுகில் இடித்தேன்.

"இருங்கண்ணே, பாக்கறேன்" என்றான். உள்ளே கையை விட்டுத் தேடுகிறவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பஸ் திரும்பி மறைந்தது. புழுதி அடங்கின பிறகு அவன் சொன்னான்.

"இருக்குண்ணே. போகக் கூடாதுன்னுதான் இருக்கு."

"அட பாவி. அத எங்கிட்டச் சொல்லி என்னடா பிரயோசனம்? அடுத்த பஸ் இருக்கு, ஏறு. போய் அவகிட்டச் சொல்லு."

"அங்க போய்ச் சேர்றப்பவும் இது இருக்குமான்னு தெரியலையேண்ணே."

ஓங்கி ஓர் அறை விடலாம் என்று வந்தது. விடவில்லை. அடுத்த பஸ் வந்து, நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.