சிந்தாமல் புகட்டியவர்

1. திங்கள். கட்டிங் மாஸ்டர் இரண்டு நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்தார். வயது ஏழு வாரம். பெரியதற்கு இருமல், காய்ச்சல் இல்லை. இரண்டு சிரப் எழுதினேன், தினம் மூன்று வேளை.

2. வியாழன். பெரியதற்குக் காய்ச்சல். மூச்சு நிமிடத்துக்கு எழுபது. சிரப்பை நிறுத்தி ஊசி ஆரம்பித்தேன். கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டேன்.

3. ஞாயிறு. காய்ச்சல் இறங்கியது. பால் குடித்தது, வாலை ஆட்டியது. வீட்டுக்கு அனுப்பி, சிரப்பைத் தொடரச் சொன்னேன்.

4. புதன். பெரியது இறந்தது.

5. அதற்கடுத்த திங்கள். சிறியது இருமியது. அதே சிரப், பாதி அளவு.

6. வியாழன். சிறியதற்குக் காய்ச்சல். மூச்சு அறுபத்திரண்டு.

இந்த ஆறு வரிகளையும் அந்த இரண்டாவது வியாழக்கிழமை ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதினேன். வரிசையைப் படித்துப் பார்த்தபோது, அடுத்து வரவேண்டிய வரி எது என்று தெளிவாகத் தெரிந்தது. கிழமை உட்படத் தெரிந்தது. அது வருவதற்குள் நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கால்நடை மருத்துவம் முடித்து வேலம்பாளையத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் சேர்ந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாஸ்டர் மண்ணரையில் குடியிருந்தார். ஒரு பனியன் கம்பெனியில் துணியை நூறு மடிப்பாக விரித்து, சாக்பீஸ் கோட்டின் மேல் மின்கத்தியை ஓட்டி, முன்பக்கம் பின்பக்கம் கை என்று பிரித்துக் கொடுப்பவர். கத்தி ஒரு நூல் விலகினால் நூறு பனியன் வீண். ஐம்பது வயதிருக்கும். நக இடுக்கில் எப்போதும் சாக்பீஸ் தூள். மகன் வேலைக்காக ஊரைவிட்டுப் போன மாதத்தில், கம்பெனி வாசலில் ஒரு தெருநாய் ஈன்ற குட்டிகளில் இரண்டை, தாய் லாரியில் அடிபட்ட பிறகு, அவர் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்.

"பெருசு லார்ஜுங்க, சிறுசு மீடியமுங்க," என்று ஏற்றுமதி அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து அறிமுகப்படுத்தினார்.

"நல்லவேளைங்க, எம்பையனுக்கு எங்கப்பா, அவனோட அப்புச்சி, பேரு வெச்சாரு," என்றார் கூட வந்த அவர் மனைவி. "இல்லாட்டி அவனும் எக்ஸெல்தான்."

"நீ சித்த சும்மா இரு. டாக்டரம்மா சிரிக்கறாங்க பாரு."

சிரப்பை எடுத்துக் காட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சைக் கையில் கொடுத்து, குட்டி துப்பிவிடப் பார்க்கும் என்று எச்சரித்தேன். அவர் சிரிஞ்சை வாங்கிப் பிஸ்டனை ஒருமுறை இழுத்துத் தள்ளிப் பார்த்தார். ஒரு கருவியின் இயல்பைத் தெரிந்துகொள்கிறவரின் கை அது. "அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க. குண்டடத்துல எங்க தோட்டத்துல ஆடு, மாடு அத்தனைக்கும் மூங்கில் குழாயில நாந்தான் மருந்து புகட்டுவேனுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்களே வந்து கூட்டிப்போவாங்க. ஒரு சொட்டுக் கீழ சிந்தாதுங்க."

"ரொம்ப நல்லதுங்க மாஸ்டர்," என்றேன். "பாதிப் பேரு மருந்தைத் தரையில ஊத்திப்போட்டு, குணமாகலைன்னு எங்ககிட்ட வந்து சண்டை போடறாங்க." சொன்னதோடு நிற்கவில்லை. மருந்து ஒழுங்காகக் கொடுப்பார்கள் என்று குறிப்பேட்டில் ஒரு டிக் போட்டேன். நான் எதையும் பட்டியலாக வைத்துக்கொள்பவள். டிக் போட்ட இடத்துக்குத் திரும்பிப் போகமாட்டேன். அது நல்ல பழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

லார்ஜ் இறந்த காலையில் மாஸ்டர் போனில் சொன்னது ஒரே வாக்கியம்: "டாக்டரம்மா, போயிருச்சுங்க." பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது. விடுப்புப் போடாமல் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து பேசினார். உடலை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும். நிமோனியா, குட்டி, எதிர்ப்புச் சக்தி குறைவு என்று மூன்று காரணங்களை எழுதிப் பக்கத்தை மூடினேன்.

மீடியத்தின் விஷயத்தில் அப்படி மூட முடியவில்லை. காதில் ஸ்டெத்தை வைத்தால் வலது நெஞ்சின் கீழ்ப்பக்கம், காய்ந்த இலையை விரலுக்கிடையில் நொறுக்குவது போன்ற சத்தம். இடது பக்கம் சுத்தம். எக்ஸ்ரேயில் காற்று நிற்கும் இடம் கருப்பாகத் தெரியவேண்டும். இதற்கு வலது கீழ்மூலையில் வெள்ளை படர்ந்திருந்தது. குட்டிகளுக்கு இப்படி வரக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீக்கினேன். டிஸ்டெம்பர் வைரஸ் என்றால் கண்ணிலும் மூக்கிலும் சளி வழியும், பாதம் தடிக்கும், இல்லை. வயிற்றுப்புழுவின் குஞ்சுகள் நுரையீரல் வழியாகப் போயிருந்தால் இரண்டு பக்கமும் பாதிக்கும், பூச்சிமருந்தும் கொடுத்தாயிற்று. பிளந்த அண்ணம் இல்லை, வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கீழ்மூலை என்பது, சாப்பிட்டது உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாயில் போனால் வந்து தேங்கும் இடம். அது தெரிந்துதான் பாலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். பாட்டில் இல்லை, தட்டத்தில் வைத்தால் தானே நக்கிக் குடிக்கிறது என்றார்கள். அதற்கும் ஒரு டிக்.

மீதி இருந்தது பஞ்சு. பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் மனிதர் இருமினாலும் மாடு இருமினாலும் முதலில் பஞ்சைத்தான் சொல்வோம். எங்கள் கிளினிக்கின் பெரிய டாக்டரும் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படுக்கை என்னம்மா? பனியன் வேஸ்ட்டா? தூக்கிப் போடச் சொல்லு," என்றார். மாஸ்டரின் மனைவி அன்றைக்கே வெட்டுத் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி வெளியேற்றி, வீட்டை இரண்டு முறை கழுவியதாகச் சொன்னார். எனக்கு மனம் ஆறவில்லை. பஞ்சு இரண்டு நுரையீரலுக்கும்தானே போகும்? வலது கீழ்மூலையை மட்டும் ஏன் தேடிப் போகிறது?

வியாழன் முதல் ஞாயிறு வரை மீடியம் எங்களிடம் இருந்தது. ஊசியில் மருந்து, மூக்குக்கு முன்னால் உப்புநீர் ஆவி, அதன்பின் உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து நெஞ்சின் இருபுறமும் மெல்லத் தட்டுதல். மணிக்கொருமுறை மூச்சை எண்ணினேன். அறுபத்திரண்டு, ஐம்பத்தாறு, நாற்பத்தெட்டு. ஞாயிறு காலை முப்பத்தாறு. எண் இறங்க இறங்க எனக்குப் பயம் ஏறியது. லார்ஜும் ஞாயிற்றுக்கிழமைதான் இப்படி வாலை ஆட்டியது. அதன் தாள்களை எடுத்து மறுபடி படித்தபோது, அது வீட்டிலிருந்த நாட்களில் மாஸ்டர் போனில் சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது: இருமல் காலையில், மதியம், ராத்திரி. நாள் முழுக்க அல்ல, மூன்று முறை. ஏன் மூன்று முறை என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் உறுதியானது. குட்டியை அவர்களிடம் கொடுத்தனுப்பாமல், நானே தூக்கிக்கொண்டு மண்ணரைக்குப் போனேன்.

வரிசையாக எட்டு வீடுகள் ஒட்டிய லைன் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லா வாசலிலும் துணி காய்ந்தது. மாஸ்டர் வீட்டுத் தரை ஈரமாக மின்னியது. கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால், அடுப்புப் பக்கம் என்று எல்லா இடத்தையும் பார்த்தேன்.

"போலீஸ்காரிகூட இப்படிப் பாக்கமாட்டாங்க கண்ணு," என்று மாஸ்டரின் மனைவி சிரித்தார். "காப்பி குடிங்க மொதல்ல."

காப்பியை நான் வாயில் வைக்கும்போது மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மருந்து நேரமுங்க. ஊத்திப்போட்டு வந்தர்றேன்."

குட்டியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தினார். இடதுகையால் முகவாயைப் பிடித்து மூக்கைக் கூரைக்கு நேராக நிமிர்த்தினார். கட்டைவிரல் நாக்கை அமுக்கியது. வலதுகையில் இருந்த சிரிஞ்ச் கடைவாயைத் தாண்டித் தொண்டைவரை போனது. ஒரே அழுத்து. குட்டியின் முன்னங்கால்கள் தரையை விட்டு எழுந்து காற்றைப் பிறாண்டின. எல்லாம் முடிய மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. நான் பார்த்ததிலேயே மிகச் சுத்தமான கை.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு?" என்று தரையைக் காட்டினார்.

குட்டி இருமியது. மறுபடி இருமியது. மூக்குத் துளையில் இளஞ்சிவப்பாக ஒரு நுரைக்குமிழி வந்து உடைந்தது. எங்கள் சிரப்பின் நிறம்.

தலை நேராக இருந்தால்தான் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும். வானத்தைப் பார்க்கவைத்து ஊற்றினால் குட்டியால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. மூச்சு இழுக்கும்போது மருந்து உள்ளே போய்விடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இது ஆபத்தானதுதான். பெரிய நெஞ்சு பல சமயம் தாங்கிக்கொள்கிறது. இந்தக் குட்டியின் நெஞ்சு என் உள்ளங்கைக்குள் அடங்கும். நாளுக்கு மூன்று வேளை, நான் எழுதிய கணக்குப்படி, நான் கொடுத்த சிரிஞ்சால். கிளினிக்கில் ஊசி போட்ட நாட்களில் தேறியதும், வீட்டுக்கு வந்த நாட்களில் மோசமானதும் அதனால்தான்.

குட்டியைத் தூக்கித் தலையைத் தாழ்த்திப் பிடித்து, நெஞ்சைத் தட்டினேன். மூக்கைத் துடைத்தேன். இருமல் அடங்கியபின், இதையெல்லாம் மாஸ்டரிடம் நிதானமாகச் சொன்னேன். தலையை நிமிர்த்தக் கூடாது, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் சொட்டுச்சொட்டாக விடவேண்டும், சிந்தினால் சிந்தட்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க," என்றார். சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப லார்ஜுக்கும் இதேதானுங்களா?"

என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. அறுத்துப் பார்க்காததால் சொல்ல முடியாது என்பது உண்மை. ஏற்கெனவே இருமல் இருந்தது, அதிலேயே முற்றியிருக்கலாம் என்பது பாதி உண்மை. அவர் மனைவி, அந்த இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடு என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அப்படித்தான் இருக்கோணுமுங்க மாஸ்டர்," என்றேன். "ஆனா அந்த மருந்தை எழுதினது நான். எப்படிக் குடுக்கறீங்கன்னு ஒரு தடவைகூட நான் கேக்கலை. சிந்தாமக் குடுக்கறது நல்லதுன்னு சொன்னதும் நாந்தானுங்க."

"இவரு கையில எத்தன ஆடு பொழச்சிருக்குது தெரியுமுங்களா," என்றார் அவர் மனைவி, யாரும் அதை மறுக்காதபோதும்.

மாஸ்டர் எழுந்து குழாயடிக்குப் போய் சிரிஞ்சைக் கழுவினார். பிஸ்டனைத் தனியே எடுத்து, இரண்டையும் உதறி, ஜன்னல் விளிம்பில் காயவைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். குட்டியை நான் திரும்பவும் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த பன்னிரண்டு நாட்களும் ஊசிதான். முதல் நான்கு நாட்கள் மீடியத்தை எங்களிடமே வைத்துக்கொண்டோம். அந்தப் புதன்கிழமை நான் சாப்பிடவில்லை. மூச்சு ஐம்பதுக்கு மேல் போகவில்லை. அதன்பின் தினமும் ஷிப்டுக்கு முன்னால் மாஸ்டர் பைக்கில் பெட்டியோடு வந்தார். ஊசிக்குக் குட்டியைப் பிடித்துக்கொண்டார், உறுதியாக, நோகாமல். ஆவி பிடிக்கும்போது கூடவே நின்றார். அவர் என்னைக் குறை சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கடைசி நாள் அவர் மனைவியும் கூட வந்திருந்தார். இனி ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்று நான் அட்டையை நீட்டியதும், "அவகிட்டக் குடுங்க," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

இப்போது மீடியத்துக்கு ஒன்றரை வயது. போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் வலது கீழ்மூலையில் ஒரு தழும்பு இருக்கிறது. அது இனிப் போகாது. மற்ற நாய்களோடு ஓடும், அவை நிற்பதற்கு முன்பே நின்று மூச்சு வாங்கும். படுத்திருக்கும்போது எண்ணினால் இருபத்தெட்டு. எங்கள் கிளினிக்கில் சிரப் எழுதினால், சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, புகட்டிக் காட்டுங்கள் என்று கேட்கிறேன். நான் டிக் போடுவது அதைப் பார்த்த பிறகுதான். மீடியத்துக்கு எந்த மாத்திரையானாலும் இட்லியில் பொதிந்து கொடுப்பவர் மாஸ்டரின் மனைவி. அந்த நேரத்தில் மாஸ்டர் வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறாராம். தடுப்பூசிக்கு வரும்போது அவர்தான் பைக் ஓட்டிவருகிறார், எங்கள் வாசலிலேயே நின்றுகொள்கிறார். உள்ளே வாங்க மாஸ்டர் என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறேன். "இருக்கட்டுங்க டாக்டரம்மா," என்கிறார். இதுவரை வரவில்லை.