விண்மீன் துறைமுகத்துக்கு ஒரு வலை

பெண்பிள்ளை எழுதுகிற கதையில் மாமியார் இருக்கவேண்டும், தாலி இருக்கவேண்டும், கடைசியில் நாலு சொட்டுக் கண்ணீராவது விழவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. பத்தொன்பது வயதில் எனக்கு அந்தச் சட்டத்தில் கொஞ்சமும் மரியாதை இருக்கவில்லை. நான் எழுதியது வானவெளிச் சண்டை. வேறொரு சூரியனிலிருந்து வந்தவர்கள் மனிதர்களின் கோள்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். மிஞ்சியிருப்பது ஒரு துறைமுகக் கோள்தான். அதுவும் விழுந்தால் மனித குலமே முடிந்தது.

அப்போது நாங்கள் கிளிவெட்டியில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். சித்திரை வருடப்பிறப்புக்குக் கொஞ்சம் முன்பு யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டதும், அப்பா எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தான் மட்டும் திரும்பிப் போனார். அவர் வெள்ளைக்காரனின் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியே கதைப்பதில்லை என்று கையெழுத்து வைத்தவர். அம்மாவிடம்கூட மூச்சு விடமாட்டார்.

பின்னேரங்களில் பெண்கள் முற்றத்தில் கூடுவார்கள், நான் வாசிப்பேன். கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க இன்னொருவர் பொருளை விளக்கிப் பயன் சொல்லுவார் அல்லவா? அதே முறைதான். பெரியம்மாவின் மகள், என் அக்கா, பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து பயன் சொல்லுவாள்.

ஒரு சனிக்கிழமை, "கோளின் வாசலில் கிடந்த இரும்பு வலை ஒளிந்துவரும் கலங்களைத் தடுத்தது" என்று வாசித்தேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

"அதாவது, எங்கட துறைமுக வாசலில நீர்மூழ்கிக்குப் போட்டிருக்கிற வலை. இனி மலையில இருக்கிற பீரங்கி வரும். பிறகு எண்ணெய்த் தாங்கியள் வரும். சித்தப்பாவின்ர கந்தோருக்குக் கிட்டத்தான், பாருங்கோ!"

வாழ்நாளில் நான் பார்த்த துறைமுகம் ஒன்றுதான். வேறு எதை வைத்து எழுதுவது? ஆனால் அவளுடைய சித்தப்பா, என் அப்பா, லீவில் வந்து வேலிப் படலையடியில் நின்றதை ஒருவரும் காணவில்லை. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. என்னைக் குசினிக்குள் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இதைக் கொளுத்து. இப்பவே கொளுத்து!"

"ஏலாது அப்பா."

"விசரி! நான்தான் வீட்டில வந்து சொன்னதெண்டு நினைப்பினம். வேலை போனால் என்னத்தைத் தின்னுவியள்?"

"நீங்கள் ஒரு சொல்லும் சொல்லேல்லை. கடற்கரையில நிக்கிற எல்லாருக்கும் தெரியிறதுதானே?"

அவர் கை ஓங்கினார். அம்மா நடுவில் வந்தாள். கடைசியில் கையைக் கீழே விட்டுச் சொன்னார்: "அடுத்த முறை நான் வரேக்கை எங்கட துறைமுகம் அதில இருக்கப்படாது. இருந்தால் நானே கொளுத்துவன்."

எங்கட துறைமுகமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் ஆட்கள் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக்கிறவர்கள். சண்டை தொடங்கிய பிறகு, வள்ளத்தைத் துறைமுகப் பக்கம் திருப்பினாலே சிப்பாய் துவக்கை நீட்டுவான். காலங்காலமாக வலை வீசிய கடலுக்கு அனுமதித் துண்டு கேட்டு நிற்கவேண்டும். மேலேயிருந்து குண்டு போட்டவனும் எங்களைக் கேட்கவில்லை, வாசலில் வலை போட்ட வெள்ளைக்காரனும் கேட்கவில்லை. பிறகென்ன எங்கட?

ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து எல்லாவற்றையும் மாற்றினேன். வலை, பீரங்கி, எண்ணெய்த் தாங்கி முழுவதையும் தூக்கி வேற்றுக்கோள்காரனுக்கே கொடுத்தேன். இப்போது துறைமுகம் அவனுடையது. அதைப் பறிக்க இன்னொரு சூரியனிலிருந்து இன்னொருவன் வருகிறான். மனிதர்கள் வெளியே, சின்னச் சின்னக் கலங்களில், தங்கள் வீட்டுக்குள் போக வழி தேடிக்கொண்டு நிற்கிறார்கள்.  

அடுத்த முறை அப்பா வந்ததும் நானே கையில் கொடுத்தேன். நின்றபடி வாசிக்கத் தொடங்கியவர் பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அம்மா தேத்தண்ணி வைத்தாள். அது ஆறிப்போயிற்று.

"எடி பிள்ளை, முந்தினதுக்கு வேலைதான் போகும். இதுக்கு மறியல்தான், கம்பி எண்ணவேணும்."

"ஓம்."

"இந்தச் சின்னக் கலங்களில நிக்கிற மனிசர் ஆர்?"

"சல்லி ஆக்கள்."

அவர் அம்மாவைப் பார்த்தார்.  தாள்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். கொளுத்தப் போகிறார் என்றே நினைத்து, பறிக்கக் கை நீட்டினேன்.

"வலையைத் திறக்க ஒரு கப்பல் இழுக்கிறதெண்டு எழுதியிருக்கிறாய்," என்றார். "ஒண்டு காணாது. ரெண்டு. திருத்து."