பெயர் கேட்காத கேள்வித்தாள்

மூன்று வருடங்களுக்கு முன், புதுச்சேரியில் ஓர் ஆய்வுக் குழுவில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளிகளின் குடும்பத்திடம் டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. டாக்டர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, நிரப்பியதை வாங்கி வர வேண்டும்.

அதற்கு முன் பத்து வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவள் நான். சீல் இல்லாத காகிதத்தை வாங்கியே பழக்கமில்லை. யாரும் சொல்லாமலேயே ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தும் சீலும் வாங்கிவிட்டேன். 'குடும்பத்திடம் உண்மையைச் சொல்கிறீர்களா?' என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே மாதிரி 'எப்போதும்' என்று டிக் அடித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என்னிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரம்மா சிரித்தேவிட்டார்.

"ஏம்மா, பேரு, கையெழுத்து, சீலுன்னு எல்லாத்தையும் வாங்கிக்கினு போறீங்க. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா? யாரு உண்மைய எழுதுவாங்க?"

அடக் கடவுளே, கெடுத்ததே நான்தானா! குழுத் தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், நன்றாகவே திட்டினார். பழைய தாள்களை ஒதுக்கிவிட்டு, பெயரே கேட்காத புதுத் தாள் அடித்தோம். நிரப்பி, கவரில் ஒட்டிப் பெட்டியில் போட்டால் போதும். மறுபடி அத்தனை ஆஸ்பத்திரிப் படியும் ஏறினேன்.

பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நான்தான். ஒரு தாளில் கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்தது: 'தேறமாட்டார் என்று தெரியும். அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "பார்க்கலாம்" என்றேன். நம்பி வீட்டுக்குப் போனார். வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.'

என்னிடமும் ஒரு டாக்டர் அதையேதான் சொன்னார். நல்ல வார்த்தை என்று நம்பி, என் கணவர் ஆசையாகக் கேட்ட மிளகு ரசம் வைக்க வீட்டுக்கு ஓடினேன். ஒரு மணி நேரத்தில் தூக்குவாளியோடு திரும்பியபோது அவர் முகத்தை மூடியிருந்தார்கள்.

எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. கோபம்கூட வரவில்லை. யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்றுதானே ஒரு வருஷமாக ஏங்கினேன்? மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுது தீர்த்தேன்.

அந்த ஒரு மணி நேரம் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் தீரவே இல்லை. இன்றும் யாராவது சாதாரணமாகப் 'பார்க்கலாம்' என்றால், என் கை என் கணவரின் கையைத் தேடுகிறது.