வாயனசாலை ஆம்ப்ளிபயரைக் கட்டியவன் நான்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நல்லேப்பிள்ளிப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மருக்கு முதலில் சொந்தமாகக் கம்பி சுற்றியவனும் நான்தான். அதற்கான மெஷினைப் பழைய தையல் மெஷினில் இருந்து செய்தேன். வேலந்தாவளம் மாட்டுச்சந்தைக்கு மைக் செட் கட்டிக்கொடுத்தேன். அத்தனை மாடு கத்துகிற இடத்தில் ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டது. எங்கள் ஊர் வாயனசாலைக்கு, அதாவது வாசகசாலைக்கு, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிபயர் கட்டினேன். உடைத்துப்போட்ட பஸ்ஸின் தகடுதான் அதற்கு அடிச்சட்டம். எவனும் சொல்லித்தரவில்லை. கேட்டதற்குச் சிரித்தார்கள்.

அந்த ஆம்ப்ளிபயர் போன வருஷம் கெட்டது. கெடுத்தவர் வாயனசாலைச் செயலாளர், ஓய்வுபெற்ற வாத்தியார். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அதையும் வைத்து, மூடியைக் கழற்றி, வால்வுக்கு வால்வு குழைத்த சந்தனம் வைத்திருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது.

ஆண்டு விழாவுக்காகப் போட்டுப் பார்த்தபோது பெரிய வால்வு இரண்டில் ஒன்று கொல்லன் உலை இரும்பாய்ச் சிவந்தது. ஒரே இரைச்சல். வாத்தியாரின் மருமகன் கோயம்புத்தூரில் இன்ஜினியர். புது வால்வு போட்டார், சிவந்தது. இன்னொன்று போட்டார், அதுவும் சிவந்தது. விழாவுக்கு முந்தின நாள், வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள்.

"தொடறதுக்கு முன்னால மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அவரு படிச்சவரு" என்றார் வாத்தியார்.

"படிச்சவரு ரெண்டு வால்வைச் சுட்டுப்போட்டாருங்களே. மூணாவதை நானும் சுடோணுமா?"

பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வால்வையும் இடம் மாற்றிச் செருகினேன். நன்றாக இருந்த வால்வு அந்த இடத்துக்குப் போனதும் சிவந்தது. உடனே அணைத்தேன்.

"குத்தம் வால்வுல இல்லீங்க. அது உக்கார்ற எடத்துல."

கண்டென்சரில் தங்கிய கரண்டை வடித்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன். வால்வு செருகும் சாக்கெட்டுக்குள் சந்தனம் வழிந்து, காய்ந்து, கருகி, வால்வின் கால் நுழையும் இரண்டு துளைக்கு நடுவே கறுப்புக் கோடாய் நின்றது. அதன் வழியே கரண்டு தப்பான காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இங்க சந்தனம் யாருங்க வெச்சது?"

மருமகன் மாமனாரைப் பார்த்தார்.

"சாமிக்கு வெச்சதுங்க" என்றார் வாத்தியார்.

"அப்ப சாமி மேல வெச்சிருக்கோணும்."

துடைத்தால் போகிற கறுப்பு இல்லை. வீட்டில் வைத்திருந்த பழைய சாக்கெட்டைக் கொண்டுவந்து மாற்றி, ஒவ்வொரு ஒயராக ஈயம் வைத்தேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். சிவக்கவில்லை. மருமகன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விழாவில் வாத்தியார் மைக்கைப் பிடித்து, பழைய பெட்டிக்கு உயிர் கொடுத்த மருமகனுக்கு நன்றி சொன்னார். பெட்டியின் முகத்தில் பித்தளைத் தகடும் அடித்திருந்தார்கள்: 'கட்டியவர் தெரியவில்லை. பழுது நீக்கியவர்' என்று போட்டு மருமகன் பெயர். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, என் பெட்டி வழியாகவே அந்தப் பொய்யைக் கேட்டேன். கணீரென்று கேட்டது.

கட்டியவன் தெரியாதா? நான் அதைக் கட்டி முடித்த அன்று முதன்முதலாக அந்த மைக்கில் 'ஹலோ' சொன்னவரே இந்த வாத்தியார்தான். அப்போது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை.

இதையெல்லாம் நான் எழுதுகிற இந்தப் புத்தகம் அச்சானதும் ஒரு பிரதியை வாயனசாலை அலமாரிக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வாத்தியார் படிக்கட்டும். அந்தத் தகட்டைக் கழற்றுங்கள். கட்டியவர், பழுது நீக்கியவர், இரண்டுக்கும் நேராக என் பெயரைப் போடுங்கள். கெடுத்தவர் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லவில்லை. அந்த மரியாதையை நான் கொடுக்கிறேன்; என்னுடையதை நீங்கள் கொடுங்கள்.